கழிமுகத்துக்கு நைட்ரஜன் எங்கிருந்து வருகிறது? செட்டிநாட்டுப் பக்கம் ஐசோடோப்பு ஆய்வு தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்பவர்களும், பிஎச்.டி.யில் முதல் வருடம் நுழைந்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கண்மாய்ப் பராமரிப்பில் ஈடுபாடுள்ள ஊர்க்காரர்களுக்கும் பாதி பயன்படும். நம் பக்கத்து மணிமுத்தாறு, விருசுழியாறு, பாம்பாறு எல்லாம் கண்மாய் கண்மாயாக நிரப்பிக்கொண்டு போய்த் தொண்டி, எஸ்.பி. பட்டினம் கரையோரம் பாக் விரிகுடாவில் சேர்கின்றன. அந்த முகத்துவாரங்களில் பாசி மண்டினால் 'யூரியாதான் காரணம்' என்பார் ஒருவர், 'டவுன் சாக்கடை' என்பார் இன்னொருவர், 'இறால் பண்ணை' என்பார் மூன்றாமவர். நிலையான ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட, கதிரியக்கம் இல்லாத அணுக்களை) வைத்து இதை ஓரளவு பிரித்துச் சொல்ல முடியும்.

கைநூல்களில் உள்ள முறைகள் பெரும்பாலும் வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறுகளுக்கானவை. நம் ஆறுகள் ஐப்பசி, கார்த்திகையில் ஓடும். மற்ற மாதங்களில் மணல்தான். அதனால் வேலையின் வரிசையே மாறுகிறது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆய்வகத்திலிருந்து வரும் எண் தானாக யாரையும் கைகாட்டாது. நம் ஊர் உரம், நம் ஊர்ச் சாக்கடை, நம் ஊர் ஆட்டுக்கிடை இவற்றின் எண்களை நீங்களே அளந்து கையில் வைத்திருந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

நைட்ரஜன் அணுக்களில் பெரும்பாலானவை 14 எடையுள்ளவை. காற்றிலுள்ள நைட்ரஜனில் சுமார் 0.37 சதவீதம் மட்டும் 15 எடை. இந்த விகிதம் காற்றின் விகிதத்திலிருந்து ஆயிரத்துக்கு எத்தனை பங்கு விலகுகிறது என்பதே டெல்டா மதிப்பு. ‰ என்ற குறியால் எழுதுவார்கள். காற்று 0‰.

காற்றிலிருந்தே தயாரிப்பதால் யூரியா போன்ற உரங்கள் ஏறக்குறைய −4 முதல் +4‰ வரை இருக்கும். மண்ணின் சொந்த நைட்ரஜன் பெரும்பாலும் +2 முதல் +8. சாணம், மனிதக் கழிவு போன்றவை +7க்கு மேல், சில இடங்களில் +20 வரைகூடப் போகும். காரணம் எளிது. கழிவிலிருந்து அம்மோனியா ஆவியாகும்போது இலேசான 14 முந்திக்கொண்டு பறந்துவிடுகிறது. கனமான 15 பின்தங்கிச் சேர்கிறது.

வீச்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதைக் கவனித்திருப்பீர்கள். +6 என்று ஒரு எண் வந்தால் அது மண்ணாகவும் இருக்கலாம், உரமும் சாக்கடையும் கலந்ததாகவும் இருக்கலாம். ஆகவே 'எல்லா மூலங்களின் சதவீதமும் கண்டுபிடிப்பேன்' என்று ஆய்வுத்திட்டத்தில் எழுதாதீர்கள். 'மழை வெள்ளத்தின்போது இந்த முகத்துவாரத்து நைட்ரேட்டில் கழிவுநீரின் பங்கு கூடுகிறதா, குறைகிறதா?' என்று கேளுங்கள். அதற்குப் பதில் கிடைக்கும்.

2. தண்ணீர் எடுக்கும் முன் ஆய்வகத்தைப் பிடியுங்கள்

நிறைய பேர் தலைகீழாகச் செய்வது இங்கேதான். முதலில் தண்ணீரை எடுத்து ஃபிரீசரில் அடுக்கிவிட்டு, அப்புறம் யார் சோதித்துத் தருவார்கள் என்று தேடுவது. எந்த முறையில் சோதிப்பார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எவ்வளவு தண்ணீர், எந்தப் பாட்டில், எந்த வடிகட்டி என்பதெல்லாம்.

தண்ணீரில் கரைந்த நைட்ரேட்டுக்கு இப்போது மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. பாக்டீரியாவை வைத்து நைட்ரேட்டை நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாக மாற்றுவது ஒன்று. காட்மியமும் அசைடும் கொண்டு வேதியியல் முறையில் மாற்றுவது இன்னொன்று. டைட்டானியம் உப்பைப் பயன்படுத்தும் ஒரே படி முறை மூன்றாவது. மூன்றிலும் கடைசியில் வாயுவை நிறை நிறமாலைமானியில் அளக்கிறார்கள். மூன்றுமே நைட்ரஜன்-15, ஆக்சிஜன்-18 இரண்டையும் தரும். பாசி, வண்டல், மண், சாணம் போன்ற திடப்பொருள்களுக்கு வேறு கருவி இணைப்பு. வெள்ளீயக் குப்பியில் மடித்து எரித்து அளப்பார்கள். அது எளியது, மலிவு.

இந்தியாவில் அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம், கோவா தேசியக் கடலியல் நிறுவனம் போன்ற இடங்களில் இத்தகைய கருவிகள் உண்டு. ஆனால் கருவி இருப்பதும் வெளியாளுக்குச் சோதித்துத் தருவதும் வேறு வேறு. கூட்டு ஆய்வாக மட்டும் ஏற்பார்களா, கட்டணத்துக்கும் செய்வார்களா என்று உங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் பெயரில் மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். திடப்பொருள் மட்டும்தான் செய்வோம், நைட்ரேட் செய்வதில்லை என்று பதில் வர நல்ல வாய்ப்பு உண்டு. அப்படியானால் வெளிநாட்டுக் கட்டண ஆய்வகம்தான். கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தின் ஐசோடோப்பு ஆய்வகம் அவற்றில் பலரும் அறிந்தது.

அந்த முதல் மின்னஞ்சலிலேயே இவற்றைக் கேட்டுவிடுங்கள்: குறைந்தபட்ச நைட்ரேட் செறிவு எவ்வளவு? உப்புத் தண்ணீரை ஏற்பீர்களா? நைட்ரைட்டை நீங்கள் நீக்குவீர்களா, நாங்கள் நீக்கி அனுப்ப வேண்டுமா? அமிலமோ பாதரச உப்போ சேர்த்த மாதிரியை எடுத்துக்கொள்வீர்களா? அறிக்கை வர எத்தனை வாரம்? கருவி பழுதானால் மாதிரிகளை எங்கே வைப்பீர்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். நான் மாதிரி கொடுத்த ஒரு ஆய்வகத்தில் கருவி படுத்துவிட்டது. மாதிரிகள் ஒரு பருவம் முழுக்க அங்கேயே கிடந்தன. தகவல் சொல்லக்கூட ஆளில்லை.

செலவுக்கு வருவோம். நைட்ரேட் சோதனை ஒன்றின் கட்டணத்தில் பாசித்தூள் மாதிரிகள் சிலவற்றைச் செய்துவிடலாம். விலைப்புள்ளியை எழுத்தில் வாங்குங்கள். அதில் ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா, எத்தனை நாள் செல்லும் என்று பாருங்கள். பில் யார் பெயரில் வர வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயருக்குப் பதிலாக உங்கள் பெயரில் பில் வந்தால் நிதிப்பிரிவு திருப்பி அனுப்பிவிடும்.

மாதிரி எண்ணிக்கையைத் தாளில் போட்டுப் பாருங்கள். முகத்துவாரத்திலிருந்து உள்நோக்கி 8 இடங்கள், மழைக்காலத்தில் 3 முறை என்றால் 24. ஆறு வகை மூலங்கள், வகைக்கு 4 என்றால் இன்னொரு 24. இரட்டை மாதிரிகள் (அதே இடத்தில் இரண்டாவதாக எடுப்பவை) 5, வெற்று மாதிரிகள் (வெறும் வாலைவடி நீர்) 3. மொத்தம் 56. கையில் பணம் கொஞ்சம் குறைகிறது என்றால் மூலங்களில் கைவைக்காதீர்கள். கழிமுக இடங்களை 8லிருந்து 5 ஆக்குங்கள்.

3. காலக்கணக்கு

எம்.எஸ்சி. புராஜெக்ட் பருவம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நீங்கள் தலைப்புப் பதிவு செய்யும்போது வெள்ளம் வடிந்திருக்கும். ஆகவே மூன்றாம் பருவத்திலேயே, ஜூன், ஜூலையில் இறங்கிவிட வேண்டும்.

ஜூனில் ஆய்வகத்துக்குக் கடிதம். ஜூலை, ஆகஸ்டில் அனுமதிகளும் பாட்டில் கழுவும் வேலையும். செப்டம்பரில் காய்ந்த நிலத்து மூலங்கள். அக்டோபரில் முதல் கனமழை பெய்து கண்மாய்க் கலுங்கு பாயத் தொடங்கியதும் முதல் சுற்று. பிறகு வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது ஒன்று, வடியும்போது ஒன்று. முதல் ஓட்டத்தைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான், ஏனென்றால் வெயில்காலம் முழுக்க வாய்க்காலில் சேர்ந்தது எல்லாம் அதில்தான் அடித்துக்கொண்டு வரும்.

பாக் விரிகுடா தென்மேற்குப் பருவத்தில் அமைதியாக இருக்கும், வடகிழக்குப் பருவத்தில் கொந்தளிக்கும். நமக்குத் தண்ணீர் வேண்டிய நேரமும் படகு போக முடியாத நேரமும் ஒன்றாகவே வரும். கடலுக்குள் ஓர் இடத்துக்கு மேல் திட்டமிடாதீர்கள். கரையிலிருந்தும் பாலத்திலிருந்தும் எடுக்கக்கூடிய இடங்களாகத் தேர்ந்தெடுங்கள்.

4. கடிதங்களும் அனுமதிகளும்

துறைத்தலைவர் கையெழுத்திட்ட அறிமுகக் கடிதம் பத்து நகல், கல்லூரி அடையாள அட்டை, ஆதார் நகல், இடங்களைக் குறித்த வரைபடம். இவை எப்போதும் பையில் இருக்கட்டும். தமிழிலும் ஒரு கடிதம் வைத்துக்கொள்ளுங்கள். ஊராட்சித் தலைவரோ கண்மாய்ப் பாசன சங்கத்தாரோ கேட்டால் அதைத்தான் நீட்ட வேண்டும்.

கரையோரத்தில் கேமராவும் ஜி.பி.எஸ்.ஸும் பாட்டில்களுமாக நின்றால் கடலோரக் காவல்காரர்கள் விசாரிப்பார்கள். அது அவர்கள் வேலை. அந்தப் பகுதிக் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்தில் தேதிகளைக் குறிப்பிட்டு முன்பே கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். மீன்வளத்துறை அலுவலகத்திலும் ஒன்று. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியில்தான் இருக்கிறது. அங்கே பேசி வைத்தால் வடிகட்டவும் ஃபிரீசரில் வைக்கவும் இடம் கேட்கலாம். படகுக்காரர்களையும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எல்லை ஒன்று உண்டு. வடக்கே புதுக்கோட்டை மாவட்டக் கடலுக்குள் போகிறீர்கள் என்றால், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட கடற்பசுப் பாதுகாப்பகம் இருக்கிறது. பரப்பு சுமார் 448 சதுர கிலோமீட்டர். அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்காதீர்கள். எந்தக் கரையாக இருந்தாலும் கடல் அட்டையும் கடல் குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. பாசி அரிக்கும்போது கையில் மாட்டினால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். 'ஆராய்ச்சிக்குத்தான் சார்' என்ற பேச்சு அங்கே எடுபடாது.

பாசித்தூளை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் குறுக்கே வரும். சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பன்முகத்தன்மை ஆணையத்திடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கூரியர்காரர் கேட்கும் நேரத்தில் தேடினால் கிடைக்காது. முடிந்தவரை திடப்பொருள் சோதனையை இந்தியாவுக்குள்ளேயே முடித்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

5. மூலங்களைச் சேகரியுங்கள்: நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள்

யூரியா, டி.ஏ.பி.: கூட்டுறவுச் சங்கத்திலோ உரக்கடையிலோ அந்தப் பருவத்தில் உண்மையில் விற்கும் மூட்டைகளிலிருந்து கைப்பிடி கேட்டு வாங்குங்கள். ஒரே பிராண்டு போதாது, மூன்று நான்கு வேண்டும். ஈரம் படாத ஜிப் பையில், மூட்டையின் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள்.

இங்கே கைநூல் காலை வாரும் ஓர் இடம் இருக்கிறது. 'உரத்து நைட்ரேட்டின் ஆக்சிஜன்-18 மதிப்பு +17 முதல் +25 வரை' என்று படங்களில் ஒரு பெட்டி போட்டிருப்பார்கள். அது நைட்ரேட்டாகவே இடப்படும் உரங்களுக்கு. நம் சம்பா வயலில் விழுவது யூரியாவும் டி.ஏ.பி.யும். அவற்றில் நைட்ரேட்டே கிடையாது. மண்ணுக்குள் நுண்ணுயிரிகள்தான் அதை நைட்ரேட்டாக்குகின்றன. அப்போது மூன்று ஆக்சிஜனில் இரண்டு தண்ணீரிலிருந்தும் ஒன்று காற்றிலிருந்தும் வருவதாகக் கணக்கிடுவது வழக்கம். ஆக்சிஜன்-18க்கு ஒப்பீடு காற்று அல்ல, கடல்நீர்தான் 0‰. அந்த அளவில் தண்ணீர் −4‰ என்றும் காற்று ஆக்சிஜன் +23.5‰ என்றும் வைத்தால் விடை சுமார் +5. சாக்கடையிலிருந்து உருவாகும் நைட்ரேட்டுக்கும் மண் நைட்ரேட்டுக்கும் இதே கணக்குதான். ஆகவே நம் பக்கத்தில் ஆக்சிஜன்-18 யூரியாவைச் சாக்கடையிலிருந்து பிரித்துக் காட்டாது. மழைநீர் நைட்ரேட்டைப் பிரித்துக் காட்டும். அது +60க்கும் மேலே இருக்கும். நைட்ரேட் அழிந்துகொண்டிருக்கிறதா என்பதையும் காட்டும். அந்த இரண்டு வேலைக்குத்தான் அது.

ஆட்டுக்கிடை: அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுவது நம் சீமையில் இன்றும் உண்டு. நூற்றுக்கணக்கான செம்மறிகள் இரவு முழுக்க ஒரே வயலில் அடைந்து கிடக்கும். புழுக்கையைவிட மூத்திரம்தான் நமக்கு முக்கியம். அதிலுள்ள யூரியா வெயிலில் அம்மோனியாவாகப் பறக்கும்போதுதான் மிச்சம் கனக்கிறது. கிடை எழுந்த அன்று காலையில் மேல் மண் 5 சென்டிமீட்டர் எடுங்கள். ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடி எடுங்கள். எண் ஏறியிருக்கும்.

கீதாரியிடம் (கிடை போடும் மேய்ப்பரிடம்) முதலில் பேசிவிடுங்கள். "என்ன தம்பி, புழுக்கையைப் போயிப் பொட்டலம் கட்டுறீக?" என்று சிரித்த ஒருவர், விஷயத்தைச் சொன்னதும் எந்த வயலில் எத்தனை ராத்திரி அடைத்தார், அதற்கு முன்பு எங்கே இருந்தார் என்று வரிசையாகச் சொல்லிவிட்டார். அந்தத் தகவல் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. "மழை விழுந்துச்சுன்னா இந்தத் தண்ணி நேரே அந்தக் கண்மாய்க்குத்தான் போகும் தம்பி" என்று வரத்துக்காலையும் கை நீட்டிக் காட்டினார்.

கழிவுநீர்: நகரத்துப் பெரிய வாய்க்காலில் ஊருக்குள்ளேயே ஓர் இடம், ஊர் தாண்டி ஓர் இடம். காலை நேரமும் மதிய நேரமும் வேறு வேறாக இருக்கும், இரண்டும் எடுங்கள். புதிய சாக்கடையில் நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியமாக இருக்கும், நைட்ரேட் ஏறக்குறைய இருக்காது. அதனால் நைட்ரேட் சோதனைக்கு மட்டும் அனுப்பினால் வெறுங்கைதான். தண்ணீரைக் காரமாக்கி, அம்மோனியத்தை வாயுவாக்கி, அமிலம் தோய்ந்த கண்ணாடியிழைத் தாளில் பிடிக்கும் முறை இருக்கிறது. அதைச் செய்வார்களா என்று இரண்டாம் படியிலேயே கேட்டிருக்க வேண்டும். செப்டிக் டேங்க் லாரி எங்கே கொட்டுகிறது என்பதையும் விசாரித்து வையுங்கள். கையுறை, முகக்கவசம், டெட்டனஸ் ஊசி கட்டாயம்.

இறால் பண்ணை: தீவனத்தில் மீன்தூள் இருப்பதால் வடிநீரின் எண் சாக்கடையின் எண்ணோடு மோதும். நைட்ரஜன்-15 மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. பண்ணை வடிநீர் உப்புள்ளது, சாக்கடை நன்னீர். உப்புத்தன்மையும் கோலிஃபார்ம் (மலக்கழிவில் வரும் பாக்டீரியா) எண்ணிக்கையும் சேர்த்து அளந்தால் பிரியும். பண்ணைக்காரர்கள் சந்தேகப்படுவது இயல்பு. பூட்டிய கேட்டுக்குள் நுழையாமல் பொது வாய்க்காலில் சேருமிடத்தில் எடுங்கள். தீவனத்தில் ஒரு கைப்பிடி கொடுக்கிற மனசு சிலருக்கு உண்டு, கேட்டுப் பாருங்கள்.

சீமைக்கருவேலம்: இதை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. கண்மாய் உள்வாயெல்லாம் மண்டிக் கிடக்கும் இந்த மரம் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேர் முடிச்சுகள் மூலம் காற்று நைட்ரஜனைப் பிடிக்கக்கூடியது. அப்படிப் பிடித்த நைட்ரஜன் 0‰ பக்கமே இருக்கும், அதாவது யூரியா மாதிரியே. இலைச்சருகும் அதன் அடி மண்ணும் எடுக்காமல் 'எண் குறைவாக இருக்கிறது, ஆகவே உரம்' என்று எழுதினால் வாய்மொழித் தேர்வில் நல்ல பேராசிரியர் ஒருவர் போதும், உங்களை உட்கார வைத்துவிடுவார்.

மழைநீர்: மொட்டை மாடியில் கழுவிய வாளி. முதல் மழையும் நடு மழையும் தனித்தனியாக.

6. கழிமுகத்தில் தண்ணீர் எடுப்பது

பாட்டில்கள் தடித்த பாலித்தீனாக இருக்கட்டும். 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, வாலைவடி நீரில் பலமுறை அலசிக் காயவைத்தது. நைட்ரிக் அமிலத்தில் கழுவாதீர்கள். நாம் தேடுவதே நைட்ரேட். கல்லூரி ஆய்வகத்தில் பழக்கதோஷத்தில் அதை எடுத்து ஊற்றிவிடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

உப்புத்தன்மையைப் பார்த்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். 0, 5, 10, 15, 25, 35 என்று படிப்படியாக வருமாறு நகர்ந்து எடுத்தால் கலவைக் கோடு வரைய முடியும். பாக் விரிகுடாவில் ஓதம் குறைவு. காற்றுத்தான் உப்புத் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. காற்றின் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். அடியில் உப்பு நீரும் மேலே ஆற்று நீருமாக இரண்டு அடுக்காக நிற்கும் நாட்களில் மேலும் கீழும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

வல்லத்தில் போனால் மோட்டாரை அணைத்துவிட்டு, முனைப் பக்கம் உட்கார்ந்து நீரோட்டத்தை எதிர்நோக்கி எடுங்கள். மூன்று முறை அந்தத் தண்ணீரிலேயே பாட்டிலை அலசுங்கள். அங்கேயே வடிகட்ட வேண்டும். 0.2 அல்லது 0.45 மைக்ரோமீட்டர் சிரிஞ்ச் வடிகட்டி. மழைக்காலத் தண்ணீர் செம்மண் கரைசலாக வரும், ஒரு வடிகட்டி 20 மில்லிக்குள் அடைத்துக்கொள்ளும். முதலில் கண்ணாடியிழைத் தாளில் ஒருமுறை வடித்துவிட்டு அப்புறம் நுண்வடிகட்டிக்குப் போங்கள். அந்தத் தாளை 450 டிகிரியில் 4 மணி நேரம் முன்பே சுட்டு வைத்திருந்தால் அதில் தங்கும் வண்டலையும் சோதனைக்கு அனுப்பலாம். கணக்குப் போட்டதைவிட இரண்டு மடங்கு வடிகட்டி வாங்குங்கள். இந்த ஆய்வில் சத்தமில்லாமல் பணம் போகும் வழி இதுதான்.

ஒவ்வொரு இடத்திலும் உப்புத்தன்மை, வெப்பநிலை, பி.எச்., கரைந்த ஆக்சிஜன், நேரம் குறியுங்கள். பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மழையில் நிற்காது.

வெற்று மாதிரி என்பது வாலைவடி நீரைக் களத்துக்கே கொண்டுபோய், அதே சிரிஞ்சு, அதே வடிகட்டி வழியாக எடுப்பது. அறையில் உட்கார்ந்து ஊற்றியது கணக்கில் வராது.

7. உறைய வைப்பதும் அனுப்புவதும்

பாட்டிலை முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும். முழுதாக நிரப்பினால் உறையும்போது வெடிக்கும். மீன்பிடி ஊர்களில் ஐஸ் கட்டி கிடைக்கும். நொறுக்கி, கல்லுப்பைக் கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே நன்றாக இறங்கிவிடும். காரைக்குடி வந்து சேரும்வரை தாங்கும். அந்த உப்புத் தண்ணீர் மூடி வழியாக உள்ளே போகாதபடி பாட்டில்களை ஜிப் பையில் இரட்டையாகப் போடுங்கள்.

பிறகு −20 டிகிரி ஃபிரீசர். விடுதி ஃபிரிட்ஜில் ஐஸ்கிரீம் பக்கத்தில் வைக்கும் யோசனை வேண்டாம். மின்வெட்டில் மாதிரிகள் உருகினவா என்று தெரிய, ஒரு கப் தண்ணீரை உறைய வைத்து மேலே ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். நாணயம் அடியில் போய் உறைந்திருந்தால் எல்லாம் ஒருமுறை உருகிவிட்டது என்று அர்த்தம்.

அனுப்பும் முன் ஒவ்வொரு மாதிரியிலும் நைட்ரேட், நைட்ரைட், அம்மோனியம் செறிவை உள்ளூரிலேயே அளந்துவிடுங்கள். ஆய்வகம் இதைக் கேட்கும். செறிவை வைத்துத்தான் எத்தனை மில்லி எடுப்பது என்று முடிவு செய்வார்கள். அலகில் ஏமாறாதீர்கள். 'நைட்ரேட்டாக' என்பதும் 'நைட்ரேட்-நைட்ரஜனாக' என்பதும் 4.43 மடங்கு வேறுபடும். குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மி.கி. நைட்ரேட். அது நைட்ரஜனாக 10.2 மி.கி., மைக்ரோமோலில் ஏறக்குறைய 726. இந்த ஒரு வரியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தால் பிறகு குழப்பம் வராது.

நைட்ரைட் கணிசமாக இருந்தால் சல்ஃபாமிக் அமிலம் சேர்த்து நீக்க வேண்டும். இல்லையென்றால் ஆக்சிஜன்-18 எண் கெட்டுவிடும்.

கூரியரில் வெள்ளிக்கிழமை அனுப்பாதீர்கள். சனி, ஞாயிறு கிடங்கில் கிடக்கும். திங்கள் அனுப்புங்கள். சென்னையில் கொடுப்பதாக இருந்தால் பல்லவன் ரயிலில் கையோடு கொண்டுபோவது மலிவு, பாதுகாப்பு. எல்லா மாதிரியிலும் ஒரு பங்கு உங்கள் ஃபிரீசரிலேயே இருக்கட்டும்.

8. கோடையில் பாசி

தண்ணீர் வற்றிய மாதங்களில் முகத்துவாரத்து நைட்ரேட் லிட்டருக்கு ஒரு மைக்ரோமோலுக்கும் கீழே போய்விடலாம். அப்போது தண்ணீரை அனுப்புவது வீண். அங்கே இருக்கும் பாசியை அளங்கள். பாசி தான் உறிஞ்சிய நைட்ரஜனின் எண்ணைப் பல நாள் சராசரியாக உடம்பில் வைத்திருக்கும்.

கடல் லெட்டூஸ் எனப்படும் பச்சைப் பாசியோ கஞ்சிப்பாசியோ கிடைக்கும். ஒரே இனத்தை எல்லா இடத்திலும் எடுங்கள். இனம் மாறினால் எண் மாறும். நுனி இளந்தளிர்தான் வேண்டும். இயற்கையாகப் பாசி இல்லாத இடங்களில், சுத்தமான கடலோரத்தில் எடுத்த பாசியைத் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மிதவையில் கட்டி, 4 முதல் 7 நாள் விட்டுப் பிறகு எடுக்கலாம். இந்த முறையை 2001 வாக்கில் ஆஸ்திரேலியாவின் மோரட்டன் விரிகுடாவில் சாக்கடை பரவலை வரைபடமாக்கப் பயன்படுத்தினார்கள். நம் கரையில் செய்யும்போது மிதவையில் 'பாசி ஆராய்ச்சி, எடுக்க வேண்டாம்' என்று தமிழில் எழுதி, நண்டு வலை போடும் அண்ணன்களிடம் இடத்தைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்ட டப்பா கரைக்குத் திரும்பாது.

எடுத்த பாசியை வாலைவடி நீரில் வேகமாக அலசி, ஒட்டியிருக்கும் சிப்பி, புழுவை நீக்கி, 60 டிகிரியில் காயவைத்து, அரைத்து, காற்றுப்புகாத குப்பியில் வையுங்கள். எரிக்கும் வெள்ளீயக் குப்பிக்கு 2 மில்லிகிராம் அளவில் போதும். எடை எவ்வளவு வேண்டும் என்று ஆய்வகமே சொல்லும். சுண்ணாம்பு நீக்க அமிலம் ஊற்றிய மாதிரியை நைட்ரஜனுக்குப் பயன்படுத்தாதீர்கள். கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் தனித்தனிக் குப்பி.

நுண்பாசி பெருகி (பூங்கோரை என்பார்கள்) கடல் நிறம் மாறிக் கிடக்கும் நாட்களில் எடுக்க வேண்டாம். காற்று நைட்ரஜனைப் பிடிக்கும் டிரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பச்சைப் பாசி பெருகினால் எண் 0 பக்கம் இறங்கிவிடும். மறுபடியும் உரம் என்று தோன்றும்.

9. எண்கள் வந்த பிறகு

முதலில் கலவைக் கோடு. ஆற்றில் 50 மைக்ரோமோல் நைட்ரேட் +10‰, கடலில் 2 மைக்ரோமோல் +5‰ என்று வையுங்கள். இரண்டும் பாதிப் பாதி கலந்த இடத்தில் எண் என்னவாக இருக்கும்? 7.5 என்று கை போகும். சரியான விடை 9.8. ஏனென்றால் அங்குள்ள 26 மைக்ரோமோலில் 25 ஆற்றிலிருந்து வந்தது. செறிவோடு சேர்த்துக் கணக்கிட்டால் கோடு வளைந்துதான் வரும். அந்த வளைவிலிருந்து விலகும் புள்ளிகள்தான் உங்களுக்கு வேலை. வழியில் ஏதோ சேர்ந்திருக்கிறது அல்லது ஏதோ அழிந்திருக்கிறது.

அழிவதுதான் பெரிய பொறி. ஆக்சிஜன் இல்லாத நீரில் நுண்ணுயிரிகள் நைட்ரேட்டை வாயுவாக்கும்போது மிச்சம் கனக்கும். பிரிப்பு அளவு (14, 15ஐ எவ்வளவு முந்துகிறது என்பது) 20‰ என்று வைத்தால், 40 சதவீதம் அழிந்ததும் +2 என்ற உர நைட்ரேட் +12 ஆகிவிடும். பார்க்கிறவர் சாக்கடை என்பார். சேற்றுக்குள் நடக்கும் அழிவில் இவ்வளவு மாற்றம் தண்ணீரில் தெரியாது. ஆனாலும் சோதித்துவிட வேண்டும். நைட்ரேட் செறிவு குறையக் குறைய நைட்ரஜன்-15, ஆக்சிஜன்-18 இரண்டும் சேர்ந்தே ஏறுகிறதா என்று பாருங்கள். நைட்ரஜன்-15 ஒன்று ஏறும்போது ஆக்சிஜன்-18 அரை முதல் ஒன்று வரை ஏறினால் அழிவு நடக்கிறது. நைட்ரஜன்-15 மட்டும் ஏறி, செறிவும் கூடினால் கழிவு சேர்கிறது.

அப்புறம்தான் மூலப் பங்குகளைக் கணக்கிடும் மென்பொருள். ஆர் மொழியில் மிக்ஸ்சையர், சிம்மர் இரண்டும் இலவசம். நீங்கள் எதைக் கொடுத்தாலும் அழகான படம் வரைந்து தரும் என்பதுதான் இவற்றில் ஆபத்து. இரண்டு ஐசோடோப்புகளை வைத்து ஆறு மூலங்களைப் பிரிக்கச் சொன்னால் விடையின் வீச்சு 0 முதல் 60 சதவீதம் என்று வரும். எண் ஒத்த மூலங்களைச் சேர்த்துவிடுங்கள். கருவேலமும் யூரியாவும் ஒரு கூட்டம், கிடையும் சாக்கடையும் இறால் பண்ணையும் ஒரு கூட்டம், மழை தனி. மூன்றே மூன்று. சராசரியை மட்டும் எழுதாமல் வீச்சையும் எழுதுங்கள்.

அறிக்கையில் ஆய்வகத்தின் தர மாதிரிகள் (எண் முன்பே தெரிந்தவை) என்ன எண் கொடுத்தன, இரட்டை மாதிரிகள் எவ்வளவு வேறுபட்டன என்பதைக் கேட்டு வாங்கி இணையுங்கள். நைட்ரஜன்-15இல் 0.2, 0.3‰ வேறுபாடு வழக்கம்தான். இரட்டைகளே 2‰ வேறுபட்டால் அந்தத் தொகுதியை மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். ஃபிரீசரில் ஒரு பங்கை வைக்கச் சொன்னது இதற்குத்தான். வாய்மொழித் தேர்வு முடியும்வரை அதைக் கொட்டாதீர்கள்.